கல்வெட்டுல இருந்து கம்ப்யூட்டர் வரை: சுருக்கி எழுதினதை விரிக்கிறது யாரு?

1/
நான் டைப் பண்ணாத ஒரு வரி, என் கையெழுத்தோட ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. அந்த ஒரு வரியால் ஒரு அம்மாவின் உயிர் போயிருக்கலாம்.

அதில் தொடங்கி, கங்கைகொண்ட சோழபுரம், ஏலாக்குறிச்சி, குன்னம், செங்குணம்னு நம்ம அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை ஒரு சுற்று சுற்றிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்கே வரப் போறோம். நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
சில வருஷம் முன்னாடி நடந்தது. ஊர், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். தப்பு என்னுடையது.

வார்டில் ஒரு நாளைக்கு 20 டிஸ்சார்ஜ் இருக்கும். ஒவ்வொன்றிலும் அதே வாக்கியங்கள். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, மருந்து ஒவ்வாமை இல்லை, இதய ஒலி நார்மல், நுரையீரல் தெளிவு, வயிறு மென்மை.

எத்தனை தடவை அடிக்கிறது? கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கே! என்.ஏ.டி.னு மூணு எழுத்து அடிச்சு ஸ்பேஸ் தட்டினா, அந்த ஆறு வாக்கியமும் தானா வந்து விழுற மாதிரி செட் பண்ணிட்டேன். பக்கத்தில் இருந்த ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

3/
என்.ஏ.டி. என்றால் 'நோ அப்நார்மாலிட்டி டிடெக்டட்'. அசாதாரணமாக எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம்.

மெடிக்கல் காலேஜில் இதுக்கு இன்னொரு விரிவும் உண்டு. 'நாட் ஆக்சுவலி டன்'. அதாவது, உண்மையில் யாரும் பார்க்கவே இல்லை! சீனியர்கள் சொல்லிச் சிரிக்கிற பழைய ஜோக். அது ஜோக் மட்டும் இல்லைன்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சது.

4/
காலில் செல்லுலைட்டிஸ் என்று ஒரு அம்மா அட்மிட் ஆனாங்க. ஐம்பது வயசு இருக்கும். "முன்னாடி ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிடுச்சு சார்" என்று முதல் நாளே சொன்னாங்க. விசாரித்ததில் பெனிசிலின் வகை. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினோம். வேற மருந்து கொடுத்தோம். நல்லா ஆகி வீட்டுக்குப் போனாங்க.

கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போயிடும். நோயாளி கையில் போறது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். அதில் நான் வழக்கம் போல மூணு எழுத்து அடிச்சேன்.

"மருந்து ஒவ்வாமை ஏதும் இல்லை."

5/
ஒரு மாசம் கழிச்சு ராத்திரி அதே அம்மா வேற ஒரு புண்ணோட வந்தாங்க. டியூட்டி டாக்டர் என் சம்மரியைப் பார்த்தார். ஒவ்வாமை இல்லைன்னு அச்சுல இருக்கு. அமாக்ஸிசிலின் சேர்ந்த ஊசி எழுதினார். அவர் மேல தப்பே இல்லை.

ஊசியோட போன சிஸ்டர், பேப்பரை நம்பாம ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்மா, இதுக்கு முன்ன எந்த ஊசியாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?"

அந்த ஒரு கேள்விதான் காப்பாத்துச்சு.

மறுநாள் காலையில சிஸ்டர் அந்தப் பேப்பரை என் மேஜையில் வச்சாங்க. "டாக்டர், இது நீங்க எழுதினதா?"

நான்தான் எழுதினேன்னு சொல்லவும் முடியல. எழுதலைன்னு சொல்லவும் முடியல.

6/
அன்னைக்கு இருந்து எனக்கு இந்தச் சுருக்கெழுத்து சமாச்சாரத்தில் ஒரு பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. மனுஷன் எப்போ இருந்து சுருக்கி எழுதுறான்? அதை விரிக்கிற வேலையை யார் செஞ்சாங்க? அது எப்போ மெஷின் கைக்குப் போச்சு?

இப்போ வேலை பார்க்கிறது பெரம்பலூர், அரியலூர் பக்கம். தேடிப் பார்த்தா, இந்தக் கதையோட முக்கியமான கட்டங்கள் எல்லாம் டூட்டிக்குப் போற பஸ் ரூட்டிலேயே இருக்கு!

7/
முதல் ஸ்டாப் கங்கைகொண்ட சோழபுரம்.

சோழர் கல்வெட்டின் தொடக்கத்தில் 'மெய்க்கீர்த்தி' என்று ஒரு பகுதி வரும். மன்னர் எந்தெந்த நாட்டை வென்றார் என்று சொல்லும் புகழுரை. முதலாம் ராஜராஜன் காலத்தில் (985–1014) இது நிலையான வழக்கமானது. ஒரு மன்னருக்கு ஒரு வாசகம். நாடு முழுக்க எந்த ஊர்க் கோயிலில் வெட்டினாலும் அதே வாசகம். புது வெற்றி வந்தால் வாசகம் நீளும்.

இன்னைக்கு நாம டெம்ப்ளேட் என்று சொல்றோமே, அதேதான். கல்லில் இடம் பத்தாத இடத்தில் வாசகத்தைக் குறைத்து வெட்டியதும் உண்டு.

8/
சில கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தியே இருக்காது. மன்னர் பெயரும் இருக்காது. 'பரகேசரி' அல்லது 'ராஜகேசரி' என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் இருக்கும்.

சிக்கல் என்னன்னா, சோழர்கள் இந்த இரண்டு பட்டத்தையும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டாங்க. ராஜராஜன் ராஜகேசரி. மகன் ராஜேந்திரன் பரகேசரி. அவர் மகன் ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி.

அப்போ 'பரகேசரிக்கு யாண்டு 5' என்றால் எந்தப் பரகேசரி? வெட்டின காலத்து ஆளுக்குத் தெரியும். அவர் கண் முன்னாடி ஒரே ஒரு மன்னர்தான். ஆயிரம் வருஷம் கழிச்சுப் படிக்கிற ஆய்வாளர் எழுத்தின் வடிவம், கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர், வானியல் குறிப்பு எல்லாம் வச்சுத்தான் விரிக்கணும். முடியலைன்னா, தெரியலைன்னே எழுதி வைப்பாங்க.

சுருக்குறவருக்குத் தெரிஞ்சது எல்லாம் விரிக்கிறவருக்குத் தெரியும்னு நம்பித்தான் எல்லாச் சுருக்கமும் பிறக்குது.

9/
கணக்கு எழுதினவங்க இன்னும் கெட்டிக்காரங்க. நாள் என்பதற்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹.

வீட்டில் பழைய பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு முறையும் 'மேற்படி' என்று முழுசா எழுதினா பத்திரம் எவ்வளவு நீளும்? ஒரே சுழி, முடிஞ்சது.

1980-ல் கர்ணம் பதவியை அரசு ஒழித்தது. அந்தக் குறிகளை மனப்பாடமா விரிக்கிற கைகளும் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சது. 2003-ல் யூனிகோட் இந்தக் குறிகளுக்குக் கம்ப்யூட்டரில் இடம் கொடுத்தது. நெல், நஞ்சை, புஞ்சைக்கான குறிகளும் பின்னங்களும் 2019-ல் சேர்ந்தன. குறி பத்திரமா இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்கதான் குறைவு.

10/
அடுத்த ஸ்டாப், திருமானூர் பக்கம் கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சி. அடைக்கல அன்னை கோயில்.

அதுக்கு முன்னாடி ஓலையைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க. எழுத்தாணியால் குத்தினா ஓலை கிழியும் என்பது வழக்கமா சொல்ற காரணம். 'க' என்று இருந்தால் அது க-வா, க்-ஆ என்று படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும்.

எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். குறிலுக்கு மேல் புள்ளி வைக்கணும்னு இலக்கணம் இருந்தது, நடைமுறையில் அந்தப் புள்ளியும் போயிடும்.

அதாவது 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒண்ணு. நெருப்பா தண்ணியான்னு படிக்கிறவர்தான் சொல்லணும்!

11/
1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710 வாக்கில் இந்தியா வந்த ஏசு சபைப் பாதிரியார் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியில் தங்கி வேலை செய்தவர். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், 1732-ல் சதுரகராதி எல்லாம் தந்தவர்.

அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை இவர் பச்சிலை வைத்தியத்தால் குணமாக்கினார், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்று அங்கே ஒரு மரபுக் கதை உண்டு. ராஜபிளவை என்றால் கார்பங்கிள். இன்னைக்கு அப்படி ஒருத்தர் வந்தா முதலில் சுகர்தான் பார்ப்பேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

12/
தமிழ் படிக்க வந்த வெளியூர்க்காரர் அவர். நம்மை மாதிரி தாய்ப்பாலோட மொழி குடிச்சவர் இல்லை. எரியா ஏரியா என்று ஒவ்வொரு இடத்திலும் ஊகிக்க வேண்டிய கஷ்டம் அவருக்குத்தான் உறைச்சிருக்கும்.

அதனால் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். இரட்டைக் கொம்பு, ஏ-யின் கீழ் இழுப்பு, ஓ-வின் சுழி எல்லாம் அவர் கொண்டு வந்த சீர்திருத்தங்கள் என்று நாம பாடப்புத்தகத்தில் படிச்சிருக்கோம்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் வாழ்ந்த ஊரின் முதல் எழுத்தே 'ஏ'. பழைய ஓலையில் அந்த ஊர்ப் பெயரை எழுதினால் எலாவா ஏலாவா என்று தெரியாது!

அவர் செய்தது என்ன? படிக்கிறவர் தலையில் இருந்த பாரத்தில் கொஞ்சத்தை எழுதுறவர் கைக்கு மாத்தினார். ஒரு கோடு கூட இழு, அடுத்தவன் ஊகிக்க வேண்டாம். எங்க வார்டுக்கும் அப்படி ஒரு வீரமாமுனிவர் வேணும்.

13/
அடுத்து குன்னம், செங்குணம்.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) பிறந்தது உத்தமதானபுரம். வளர்ந்ததில் ஒரு பெரும் பகுதி நம்ம ஊர்ப் பக்கம். அரியலூர் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்குணம் விருத்தாசல ரெட்டியார் எல்லாம் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள். 'என் சரித்திரம்' நூலில் இவங்களை எல்லாம் நன்றியோட எழுதியிருக்கார்.

அப்புறம்தான் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனது. அப்புறம்தான் 1887-ல் சீவக சிந்தாமணி, 1894-ல் புறநானூறு.

14/
அவர் செய்த வேலையை என் கண்ணோட்டத்தில் சொல்றேன். புள்ளி இல்லாத, குறில் நெடில் தெரியாத, பூச்சி அரிச்ச, பாட்டு எங்கே முடியுது உரை எங்கே தொடங்குதுன்னு தெரியாத ஓலைகளை விரிக்கிற வேலை.

ஒரு சொல்லுக்காக எத்தனையோ பிரதிகளை ஒப்பிட்டார். ஒரு பிரதியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேற மாதிரி இருந்தா, பிரதிபேதம் என்று அதையும் அச்சிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஓலை சிதைஞ்சு சொல் காணாமல் போன இடத்தில், புள்ளி புள்ளியா வச்சு அப்படியே விட்டார். அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி நிரப்பியிருக்கலாம். நிரப்பல. புறநானூற்றில் 267, 268-ம் பாடல்கள் இன்னைக்கும் இல்லை. எண் இருக்கு, பாட்டு இல்லை.

தெரியாத இடம் வெளியே தெரியணும். இதை நான் எம்.பி.பி.எஸ்.ஸில் படிச்சிருக்கணும். செங்குணம் வழியாத்தான் வந்து சேர்ந்தது.

15/
இப்போ மெஷின் பக்கம் போவோம். தந்தி ஞாபகம் இருக்கா? சொல்லுக்குக் காசு. அதனால் சுருக்கம்தான் வாழ்க்கை. அமெரிக்காவில் வால்டர் பிலிப்ஸ் 1879-ல் பத்திரிகைத் தந்திக்காக ஒரு சுருக்கெழுத்து அகராதியே வெளியிட்டார். அமெரிக்க ஜனாதிபதியை இன்னைக்கு 'போட்டஸ்' என்கிறாங்களே, அந்தச் சொல்லே தந்திக்காரங்க சுருக்கத்தில் இருந்து வந்ததுதான்.

நம்ம ஊரில் வாழ்த்துத் தந்திக்கு எண்கள் இருந்தன. போஸ்ட் ஆபீஸில் எண்ணைச் சொன்னால் போதும், கல்யாண வீட்டுக்கு முழு வாழ்த்து வாசகம் போய்ச் சேரும். எண் மாறினா வாழ்த்தும் மாறும்! 2013 ஜூலையோட தந்தியே முடிஞ்சு போச்சு.

ஆனா கவனிங்க. அங்கேயும் நடுவில் ஒரு மனுஷர் இருந்தார். எண்ணைப் பார்த்து, வாசகத்தைப் பார்த்து எழுதினார்.

16/
கம்ப்யூட்டரில் டைப் பண்ற எடிட்டர்களில், புரோகிராமர்கள் புழங்கிய ஈமேக்ஸ் போன்றவற்றில், சுருக்கத்தை விரிக்கும் வசதி ஆரம்ப காலத்திலேயே வந்துடுச்சு. நம்மை மாதிரி சாதாரண ஆட்களுக்கு அது வந்தது மைக்ரோசாஃப்ட் வேர்ட் வழியா.

பழைய வேர்டில் 'குளோசரி' என்று ஒன்று இருந்தது. சுருக்கத்தை அடிச்சு எஃப்3 பட்டனைத் தட்டினா விரியும். அங்கே வேலை பார்த்த டீன் ஹாச்சமோவிட்ச் என்ற பொறியாளர் இதை டைப்பிங் பிழை திருத்தவும் பயன்படுத்தலாமேன்னு யோசிச்சார். எப்படியும் ஒவ்வொரு சொல் முடிஞ்சதும் ஸ்பேஸ் தட்டுறோம், அந்தத் தட்டலையே கட்டளையா எடுத்துக்கிட்டா? 1993-ல் வந்த வேர்ட் 6-ல் ஆட்டோகரெக்ட் பிறந்தது.

17/
சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனா என் கதை முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கு.

எஃப்3 தட்டுறப்போ, 'இப்போ இதை விரி' என்று நான் கேட்கிறேன். ஸ்பேஸ் தட்டுறப்போ நான் எதையும் கேட்கல. அடுத்த சொல்லுக்குப் போயிட்டேன். என் முதுகுக்குப் பின்னாடி ஆறு வாக்கியம் உட்காருது.

18/
எல்லாத் தானியங்கியும் கெட்டதுன்னு சொல்ல வரல. இதோ நம்ம தமிழ்99 கீபோர்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதில் க-வை இரண்டு முறை அடிச்சா தானா 'க்க' ஆகும். ந-வுக்குப் பின் த அடிச்சா 'ந்த' ஆகும். ஓலையில் எழுதாம விட்ட புள்ளியை இங்கே மென்பொருள் வைக்குது!

இது ஏன் ஆபத்து இல்லை? ஏன்னா அது மொழியோட பொது வழக்கு. பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்தும். விதிவிலக்குக்கும் வழி வச்சிருக்காங்க. 'மமதை'னு அடிக்கணும்னா இரண்டு ம-வுக்கு நடுவில் 'அ' தட்டணும், இல்லைன்னா 'ம்மதை' ஆகிடும். தப்பா வந்தா கண் முன்னாடியே பல்லிளிக்கும். உடனே திருத்திடலாம்.

19/
ஆனா 'மருந்து ஒவ்வாமை ஏதும் இல்லை' என்ற வரி பல்லிளிக்காது. இலக்கணம் சரி, எழுத்துப் பிழை இல்லை, அச்சு அழகு. பொய்யா இருந்தாலும் பார்க்க உண்மை மாதிரியே இருக்கும்.

சுருக்கமா என்.ஏ.டி. என்றே விட்டிருந்தால் கூட, அந்த டியூட்டி டாக்டர் ஒரு நொடி சந்தேகப்பட்டு இருப்பார். நாட் ஆக்சுவலி டன் ஜோக் அவருக்கும் தெரியுமே! விரிஞ்ச பிறகு, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து விசாரிச்சு எழுதின சாட்சியம் மாதிரி ஆயிடுச்சு.

20/
சுருக்கத்தையே விட்டுவிட்டாலும் பிரச்சினைதான். நம்ம சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை. கண் டாக்டருக்கு ஓ.டி. என்றால் வலது கண். கேஷுவாலிட்டியில் ஓ.டி. என்றால் அளவுக்கு மீறி மருந்து சாப்பிட்ட கேஸ்.

எம்.எஸ். என்று எழுதினா மார்ஃபினா, மெக்னீசியம் சல்ஃபேட்டா? ஒன்று வலிக்கு, இன்னொன்று பிரசவ வார்டில் வலிப்புக்கு. இன்சுலின் 4 யூனிட் என்பதில் 'யூனிட்'டை ஆங்கில 'யு' எழுத்தா மட்டும் போட்டா, அது சுழியமா தெரிஞ்சு 4 என்பது 40 ஆகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் இந்த 'யு'வையும் எம்.எஸ்.ஸையும் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் பட்டியலில் போட்டது. நம்ம ஊரில் 2016-ல் மெடிக்கல் கவுன்சில், மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது.

அதனால் விரிக்கத்தான் வேணும். எதை விரிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

21/
இப்போ என் கம்ப்யூட்டரில் இரண்டு வகைச் சுருக்கம் வச்சிருக்கேன்.

ஒன்று, சொல். ஓ.டி. அடிச்சா 'தினமும் ஒரு வேளை' என்று தமிழிலேயே விரியும். மருந்தின் முழுப் பெயர், ரிவ்யூவுக்கு வர வேண்டிய ஓ.பி. நேரம், நாய்க்கடி ஊசிக்கு வர வேண்டிய நாட்கள். இதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது, நோயாளியைப் பற்றிய தகவல். இங்கே தலைப்பு மட்டும்தான் விரியும். எதிரே உ.வே.சா. வைத்த மாதிரி வெறும் புள்ளிகள்.

மருந்து ஒவ்வாமை: ..........
சுகர்: ..........
பிரஷர்: ..........

கேட்டால்தான் நிரப்ப முடியும். கேட்கலைன்னா புள்ளி அப்படியே பிரிண்ட் ஆகும், பார்க்கிறவருக்குத் தெரியும். ஒரு சம்மரிக்குக் கூடுதலா ஒன்று, ஒன்றரை நிமிஷம் ஆகுது. 20 பேர்னா அரை மணி நேரம். ஓ.பி.யில் கூட்டம் நிக்கிறப்போ அது பெரிய நேரம்தான், மறுக்கல. ஆனா அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அன்னைக்கு நான் அந்த மூணு எழுத்தை அடிச்சேன்.

22/
மக்களுக்கு ஒரு வேண்டுகோள்.

எந்த மருந்தாவது ஒத்துக்காம முகம் வீங்கி, உடம்பு தடிச்சு, மூச்சு முட்டி இருந்தா, அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆதார் கார்டு கவரில் வைங்க. வீட்டில் இன்னொருத்தருக்கும் தெரியணும்.

ஒவ்வொரு தடவையும், யார் கேட்டாலும் கேட்காட்டியும், முதலில் அதைச் சொல்லுங்க. "போன தடவையே சொல்லிட்டேனே, பேப்பரில் இருக்குமே" என்று விட்டுடாதீங்க. பேப்பரில் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. சில சமயம் எழுதின டாக்டருக்கே தெரியாது.

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும், ஒவ்வாமை என்ற வரியை மட்டும் படிச்சுப் பாருங்க. தப்பா இருந்தா அங்கேயே திருப்பிக் கொடுத்துக் கேளுங்க. எந்த டாக்டரும் கோவிக்க மாட்டார். கோவிச்சாலும் பரவாயில்லை.

23/
அந்த அம்மா அதுக்கப்புறம் ஒரு தடவை ரிவ்யூவுக்கு வந்தாங்க. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவங்களுக்கு முழுசாப் புரிஞ்சதான்னு தெரியல. "அந்த நர்சம்மா கேட்டுச்சு சார், அதான் சொன்னேன்"னு சொல்லிட்டு, பழைய சம்மரியை எடுத்து நீட்டினாங்க.

ஒவ்வாமை வரியைச் சிவப்பு மையில் அடிச்சுட்டு, பக்கத்தில் கையால் எழுதினேன். பெனிசிலின். முழுசா, சுருக்காம.